இன்ஸ்ட்ரக்டராகிப் பறப்பு மணி சேர்ப்பதா, டைப் ரேட்டிங் முடித்து ஏர்லைன் வாசலில் நிற்பதா?

ஓசூர்_ரன்வே · கம்மனஹள்ளி

எல்லோருக்கும் வணக்கம். சி.பி.எல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) கைக்கு வந்துவிட்டது. மல்டி எஞ்சின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டும் உண்டு. மொத்தப் பறப்பு மணி 200-ஐ இப்போதுதான் தாண்டியிருக்கிறது. சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து ஏர்லைன் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன். "இன்னும் வேலை வரலையா" என்று கேட்காத சொந்தக்காரர் யாரும் பாக்கியில்லை.

நான் பறக்கப் படித்த இடத்திலேயே ஏ.எஃப்.ஐ.ஆர் (உதவி இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்) கோர்ஸ் முடித்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். என் பேட்ச்மேட் ஒருவனோ, இன்னும் கொஞ்சம் கடன் வாங்கி ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானம் ஓட்டத் தனித் தகுதி) முடித்துவிடு, கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்கலாம் என்கிறான். அப்பா ஏற்கெனவே ஓசூர் வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். இரண்டும் செய்ய முடியாது, ஒன்றுதான்.

அமெரிக்காவில் எல்லோரும் இன்ஸ்ட்ரக்டராக இருந்து 1500 மணி சேர்த்துத்தான் ஏர்லைனுக்குப் போகிறார்கள் என்று யூடியூபில் பார்க்கிறேன். அந்த வழி இங்கே செல்லுமா? மணி அதிகம் இருந்தால் இங்கே மதிப்பு உண்டா?

ஃபில்டர்காபி_172 · பசவனகுடி

சொந்தக்காரர்களிடம் "ப்ராசஸ்ல இருக்கு" என்று சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் இரண்டு தீபாவளி தாங்கியது. மற்ற கேள்விகளுக்குப் பெரியவர்கள் வருவார்கள்.

அரிசோனா_ரிட்டர்ன் · வைட்ஃபீல்டு

அந்த யூடியூப் வழி அமெரிக்கச் சட்டம் உண்டாக்கியது. 2009 பிப்ரவரி 12 அன்று நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 இறங்கும் நேரத்தில் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, விழுந்தது. விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர், ஆக 50 உயிர். ஸ்டால் எச்சரிக்கை வந்ததும் மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் பின்னால் இழுத்தார். 2010-ல் அங்கே சட்டம் வந்தது, 2013-ல் விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி பயணிகள் ஏர்லைனில் துணை விமானிக்கும் ஏ.டி.பி. சான்று (ஏர்லைன் விமானிக்கான உயர்நிலை லைசென்ஸ்) வேண்டும், அதற்கு 1500 மணி. ராணுவத்திலிருந்து வந்தால் 750, அங்கீகரித்த கல்லூரியில் விமானப் பட்டம் முடித்திருந்தால் 1000, இப்படிச் சில சலுகைகள் உண்டு.

இதில் பலர் சொல்லாமல் விடுவது: விழுந்த விமானத்தின் இரண்டு விமானிகளுக்குமே 1500-க்கு மேல் மணி இருந்தது. கேப்டனுக்கு 3000-க்கும் மேல். அதனால்தான் அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

அங்கே கமர்ஷியல் லைசென்ஸ் 250 மணியில் வந்துவிடும். மிச்சம் 1250 மணியை எங்கே போய் நிரப்புவது? விளம்பரத் துணி இழுப்பது, பாராசூட்காரர்களை மேலே கொண்டுபோவது, சர்வே பறப்பது எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்குக் கிடைப்பது இன்ஸ்ட்ரக்டர் வேலைதான். 24 மணி நேரத்துக்குள் 8 மணிக்கு மேல் பயிற்சி கொடுக்கக்கூடாது என்ற விதி வேறு. நம்ம பிள்ளைகளுக்கு விசாவும் இடிக்கும். எஃப்-1 மாணவர் விசா இருந்தால் படிப்பு முடித்து ஒரு வருடம் வேலை அனுமதி வாங்கி அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். எம்-1 (தொழிற்பயிற்சி) விசாவில் வந்தவர்களுக்கு அந்த ஒரு வருடம் கிடையாது, கிடைத்தாலும் அதிகபட்சம் ஆறு மாதம்தான், பிறகு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்தியாவில் அந்த 1500 ஏர்லைன் வாசலில் கேட்கப்படுவதில்லை. 200 மணி சி.பி.எல்லோடு நேராக வலது சீட்டில் உட்காரலாம். 1500 இங்கே வருவது அதே உயர்நிலை லைசென்ஸான ஏ.டி.பி.எல்லுக்கு, அதாவது கேப்டனாகப் போகும்போது. அதனால் அங்கத்திய கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

சீனியாரிட்டி_நம்பர் · சஹகாரநகர்

தம்பி, நான் ஏர்லைனில் கேப்டன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஏர்லைனில் உன் வாழ்க்கையைத் தீர்மானிப்பது சீனியாரிட்டி. எந்தத் தேதியில் சேர்ந்தாய் என்பதுதான் கமாண்ட் (கேப்டன் பதவி) எப்போது, எந்த பேஸ், எந்த லீவு எல்லாவற்றையும் முடிவு செய்யும். செஸ்னாவில் 1000 மணி சேர்த்துவிட்டு வந்தாலும் உனக்கு முந்தைய மாதம் 200 மணியோடு சேர்ந்தவன் உனக்கு மேலேதான் நிற்பான்.

இன்னொன்று. 65 வயதில் எல்லோருமே இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு வருடம் தாமதமாகச் சேர்ந்தால் இழப்பது ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆஃபீசரின் முதல் வருடச் சம்பளம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் போவது கடைசி வருடம், சீனியர் கேப்டனாக வாங்கியிருக்க வேண்டிய சம்பளம். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உன் சித்தப்பாவையே கணக்குப் போடச் சொல்.

2023-ல் இண்டிகோ ஒரே தடவையில் 500 விமானம் ஆர்டர் கொடுத்தது, ஏர் இந்தியா 470. அவற்றுக்கெல்லாம் ஆள் வேண்டும். ஏர்லைன்கள் நடத்தும் கேடட் பைலட் தேர்வுக்குத் தயாராகு, கணக்கும் இயற்பியலும் தூசி தட்டு. செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி சர்க்யூட் அடித்துக்கொண்டிருக்காதே.

வலது_சீட் · தொட்டபள்ளாப்பூர் ரோடு

கேப்டன் சார் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் இன்றைக்கே கதவு திறந்திருந்தால்தான் அந்தக் கணக்கு ஓடும்.

நான் இன்ஸ்ட்ரக்டராக இருந்துவிட்டு ஏர்லைனுக்கு வந்தவன். ஆசைப்பட்டுப் போகவில்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதற்கு முன்னால் 2012-ல் கிங்ஃபிஷர். 2020-ல் கொரோனா. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு தடவையும் டைப் ரேட்டிங்கும் ஜெட் மணியும் கையில் வைத்திருக்கும் கூட்டம் ஒன்று ஒரே வாரத்தில் சந்தைக்கு வரும். அவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைத்த பிறகுதான் 200 மணிக்காரன் முகத்தைப் பார்ப்பார்கள். ஆர்டர் போட்ட விமானம் வந்து சேரும் தேதியும் நம்ம கையில் இல்லை.

பேட்ச்மேட் சொல்லும் டைப் ரேட்டிங் விஷயம். அதற்கு ஆகும் செலவு ஏ.எஃப்.ஐ.ஆரைவிடப் பல மடங்கு. முடித்துவிட்டு வேலை வராமல் உட்கார்ந்தால் அதுவும் காலாவதியாகும். மறுபடி சிமுலேட்டர் நேரம் காசு கொடுத்து வாங்கி செக் கொடுக்க வேண்டும். அதற்குள் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் புதுப்பிப்பு வரும், கிளாஸ் 1 மெடிக்கல் வரும். வீட்டில் சும்மா இருக்கும் பைலட்டுக்கும் செலவு நிற்பதில்லை. இன்ஸ்ட்ரக்டராக இருந்தால் கை பழக்கம் விட்டுப்போகாது, சிறியதோ பெரியதோ மாதம் ஏதாவது வரும்.

இனி மணியைப் பற்றி. மாணவனோடு சேர்ந்து (டூயல்) பறக்கும்போது அந்த நேரம் உனக்கு பி1-ஆக, அதாவது பொறுப்பு விமானி மணியாக, ஏறும், மாணவனுக்கு டூயலாக. மாணவன் தனியாக சோலோ போனால் நீ தரையில் நின்று கழுத்து வலிக்க மேலே பார்க்கலாம், லாக்புக்கில் ஒன்றும் ஏறாது. நல்ல மாதத்தில் எழுபது எண்பது மணிகூட வரும். மழை மாதத்தில் அதில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். இந்த மணி பின்னால் ஏ.டி.பி.எல்லின் 1500-க்குச் சேரும். ஆனால் அதற்குள்ளேயே இரவு, இன்ஸ்ட்ருமென்ட், கிராஸ் கண்ட்ரி என்று தனித்தனி அளவு இருக்கிறது. வெறும் சர்க்யூட் மணியால் அந்தக் கட்டங்கள் நிறையாது.

கற்றுக்கொள்வது என்ன என்று கேட்டால் நிறைய இருக்கிறது. ஏ.எஃப்.ஐ.ஆர் கோர்ஸில் முதல் வேலையே வலது சீட்டிலிருந்து பறக்கப் பழகுவது. இவ்வளவு நாள் இடது கையில் யோக், வலது கையில் த்ராட்டில். அது அப்படியே தலைகீழாகும். முதல் சில லேண்டிங்குகள் பார்க்கச் சகிக்காது. ஏ320-ல் துணை விமானியாக உட்காரும்போதும் வலது கையில் ஸ்டிக், இடது கையில் த்ரஸ்ட் லீவர்தான். அந்தப் பழக்கம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது.

அப்புறம் பேட்டர். செய்துகொண்டே பேச வேண்டும், பேசுவதும் செய்வதும் ஒரே நொடியில் பொருந்த வேண்டும். "இப்போது மூக்கை மெதுவாக உயர்த்துகிறேன்" என்று நீ சொல்லி முடிப்பதற்குள் மூக்கு உயர்ந்து முடிந்திருந்தால் மாணவனுக்கு ஒன்றும் புரியாது. சும்மா பறக்கத் தெரிந்தவனுக்கும் எதற்காக இப்படிப் பறக்கிறோம் என்று தெரிந்தவனுக்கும் இருக்கும் இடைவெளி இதில்தான் வெளியே வரும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது. மாணவன் ஃபிளேரை, அதாவது தரை தொடும் முன் மூக்கைத் தூக்குவதை, உயரத்திலேயே ஆரம்பிப்பான், விமானம் மிதக்கும், பயந்துபோய் மூக்கை அழுத்துவான். எதுவரை விட்டால் அவன் தானாகத் திருத்திக் கற்றுக்கொள்வான், எந்த நொடியில் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" சொல்லியே ஆக வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. ஏர்லைனில் கேப்டன் பறக்க நான் மானிட்டர் செய்யும்போது உதவுவது அதே கண்தான்.

இதற்கு விலையும் உண்டு. ஒரு மணி நேர சர்க்யூட்டில் எட்டு பத்து லேண்டிங் நடக்கும், எல்லாம் மாணவனுடையது. உன் சொந்த லேண்டிங் துரு ஏறும். மேகத்துக்குள் போகும் வாய்ப்பு குறைவு, இன்ஸ்ட்ருமென்ட் ஸ்கேன் மெதுவாகும். தனி ஆளாக முடிவெடுத்துப் பழகிய புத்தியை இரண்டு பேர் விமானத்துக்கு மாற்ற எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. சிமுலேட்டரில் என் டிரெய்னர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: கேப்டனுக்கு ஃபிளேர் சொல்லிக்கொடுக்காதே.

ஃபில்டர்காபி_172 · பசவனகுடி

கேப்டனுக்கு அது தேவைப்பட்டதா இல்லையா என்பதையும் சொல்லுங்கள்.

வலது_சீட் · தொட்டபள்ளாப்பூர் ரோடு

அது ஸ்டெரைல் காக்பிட் விஷயம், அங்கே வெட்டிப் பேச்சு கூடாது.

தாம்பரம்_ஏ2 · யெலஹங்கா நியூ டவுன்

விமானப்படையில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பேரனைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் பணி. இந்த இழையில் ஒரு பேச்சு எனக்கு நெருடுகிறது, சொல்லிவிடுகிறேன்.

தாம்பரத்தில் இருக்கிறது எங்கள் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல். 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் தாம்பரம் வந்தது. அங்கே அனுப்பப்படுபவர் ஸ்குவாட்ரனில் சில வருடம் பறந்து தேறியவர். முடித்துவிட்டு வந்தாலும் கீழ் வகையில் ஆரம்பித்து பி, ஏ2, ஏ1 என்று தேர்வெழுதி ஏற வேண்டும். சிவில் பக்கம் 200 மணிக்காரர் இன்னொரு பூஜ்ய மணிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அதைத் தப்பென்று சொல்லவில்லை, உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. உதவி இன்ஸ்ட்ரக்டர் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும், முதல் சோலோவுக்கு அவர் கையெழுத்து செல்லாது என்றெல்லாம் வேலி போட்டு வைத்திருப்பது அதனால்தான். அந்த மேற்பார்வை காகிதத்தில் மட்டும் இருக்கும் இடத்தில் சேராதே தம்பி.

சிறிய உதாரணம் சொல்கிறேன், பெங்களூரு ஜக்கூரையே எடுத்துக்கொள்வோம். 1949-லிருந்து அரசுப் பயிற்சிப் பள்ளி இருக்கும் களம், உயரம் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3000 அடி. அந்த உயரத்தில் தரநிலை வெப்பம் 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 34 டிகிரி அடித்தால் 25 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி என்று வைத்தால் இன்னொரு 3000 அடி. ஆக எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 6000 அடியில் இருக்கும் களம். டர்போ இல்லாத எஞ்சினில் சக்தி ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 3000 அடிக்கு மேல் உள்ள களத்தில் புறப்படும் முன் மிக்ஸ்சரை லீன் செய் (எரிபொருள் விகிதத்தைக் குறை) என்று செஸ்னா 172-இன் கையேடே சொல்கிறது. கடலோரக் களத்தில் படித்துவிட்டு வந்த பையன் இங்கே இன்ஸ்ட்ரக்டராகி, மதியம் ஒரு கனத்த மாணவனையும் முழு டேங்க்கையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ரன்வே முடியும் இடத்தில் பாடம் ஆரம்பமாகும்.

இறங்க வரும்போது பேஸிலிருந்து ஃபைனல், அதாவது ரன்வேக்கு நேராக, திரும்பும்போது மாணவன் ஓவர்ஷூட் செய்வான். பேங்க் கூட்டப் பயந்து ரட்டரை மிதித்து மூக்கை இழுப்பான். விமானம் பக்கவாட்டில் சறுக்கும் (ஸ்கிட்), அதோடு வேகம் குறைவு. ஐந்நூறு அடியில் அங்கே ஸ்பின் விழுந்தால் எடுக்க உயரம் கிடையாது. பக்கத்து சீட்டில் இருப்பவன் அந்த நேரத்தில் தன் லாக்புக்கின் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்கக்கூடாது. மணி சேர்ப்பது என்ற பேச்சு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

கேடட்டின்_அம்மா · ராமமூர்த்தி நகர்

ஐயா சொன்னதைப் பார்த்த பிறகுதான் எழுதத் தைரியம் வந்தது. எனக்கு விமானம் பற்றி எதுவும் தெரியாது. என் பெண் ஒரு பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள், பெயர் வேண்டாம்.

இப்போது அவளுக்கு மூன்றாவது இன்ஸ்ட்ரக்டர். முதலில் இருந்தவர் நல்ல பையன், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். ஏர்லைனில் கூப்பிட்டார்கள், அடுத்த வாரமே கிளம்பிவிட்டார். இரண்டாவது வந்தவர் முதலில் ஒரு செக் ஃப்ளைட் போக வேண்டும் என்றார், காசு எங்களுடையது. முந்தையவர் சொல்லிக்கொடுத்த லேண்டிங் முறையை மாற்றச் சொன்னார். அவள் பழகி முடிப்பதற்குள் அவரும் போய்விட்டார். இப்போது வந்தவர் மறுபடி முதலிலிருந்து. சோலோ தள்ளிக்கொண்டே போகிறது. ராத்திரி போன் பண்ணி அழுகிறாள், எனக்குத்தான் வரவில்லை போல அம்மா என்கிறாள்.

ஒரு மணி பறக்கப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் லாக்புக்கில் ஏறும் ஒவ்வொரு மணிக்கும் பில் எங்கள் மாதிரி வீட்டுக்குத்தான் வருகிறது தம்பி. நீங்கள் ஏர்லைனுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பாதியில் விட்டுப் போகிறவர்களால் என்ன ஆகிறது என்று இதில் யாருமே பேசவில்லை.

வலது_சீட் · தொட்டபள்ளாப்பூர் ரோடு

அக்கா, உங்களுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவுதான், நானும் அப்படிக் கிளம்பி வந்தவர்களில் ஒருவன். இருந்தாலும் உபயோகமானதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் பயிற்சிப் பதிவேட்டில் இன்ஸ்ட்ரக்டர் குறிப்பு எழுத வேண்டும். பெண்ணை அதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். "சர்க்யூட், திருப்தி" என்று ஒற்றை வரி இருந்தால் அடுத்து வருபவருக்கு எதுவும் தெரியாது, பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார். எந்த உயரத்தில் ஃபிளேர் தொடங்குகிறாள், பக்கக் காற்றில் என்ன செய்கிறாள் என்று எழுதியிருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இல்லையென்றால் அவளே தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்துப் புதியவர் கையில் கொடுக்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். ஆள் மாறும்போது சி.எஃப்.ஐ (தலைமை இன்ஸ்ட்ரக்டர்) ஒரு தடவை அவளோடு பறக்க வேண்டும் என்று நீங்கள் நேரில் போய்க் கேளுங்கள். காசு கட்டும் பெற்றோர் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

அவளுக்கு வரவில்லை என்பதெல்லாம் இல்லை. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் யாருக்கும் தடுமாற்றம் வரும்.

சீனியாரிட்டி_நம்பர் · சஹகாரநகர்

அம்மா சொல்வது நியாயம். ஆனால் அதற்காக ஒரு பையன் கைக்கு வந்த ஏர்லைன் கடிதத்தைக் கிழித்துப் போட முடியுமா? தப்பு அமைப்பில் இருக்கிறது. பயிற்சி கொடுப்பதை ஒரு வேலையாக மதித்துச் சம்பளம் கொடுத்தால் யாரும் ஓட மாட்டார்கள். மணிக்கணக்கில் கூலி கொடுத்துவிட்டு விசுவாசம் எதிர்பார்த்தால் எப்படி?

தாம்பரம்_ஏ2 · யெலஹங்கா நியூ டவுன்

கிழிக்கச் சொல்லவில்லை கேப்டன். கையில் இருக்கும் மாணவனை சோலோ வரை கொண்டுவந்து இன்னொருவரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்கிறோம். ஏர்லைனில் நோட்டீஸ் காலம் இல்லாமல் உங்களை விடுகிறார்களா?

சீனியாரிட்டி_நம்பர் · சஹகாரநகர்

ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம் வரை பிடித்து வைப்பார்கள். சரி சார், அந்தப் பாயிண்ட் உங்களுக்கு.

ஸ்கைஹவர்_டீல்ஸ்

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர்

"பறக்காமலேயே பி1 மணி ஏற்றித் தருகிறோம், விவரத்துக்கு மெசேஜ் செய்யவும்" என்ற விளம்பரத்தை நீக்கியிருக்கிறேன். பதிவிட்டவருக்கு இனி இங்கே இடமில்லை. யாராவது ஏற்கெனவே தொடர்புகொண்டிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாம்பரம்_ஏ2 · யெலஹங்கா நியூ டவுன்

பார்க்கர் பேனா மணி என்று எங்கள் காலத்தில் சொல்வோம். இன்னும் ஒழியவில்லை பாருங்கள்.

அரிசோனா_ரிட்டர்ன் · வைட்ஃபீல்டு

2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்டபோது பைலட்டுகளே கைதானார்கள். பயிற்சிப் பள்ளிகளின் மணிக்கணக்கும் அப்போது சந்தேகத்துக்குள்ளானது. இப்போது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் இஜிசிஏ இணையதளத்தில் மின் லாக்புக். நீ எழுதுவதைப் பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும், விமானத்தின் டெக் லாக், எரிபொருள் கணக்கு, டவர் பதிவு எல்லாவற்றோடும் ஒத்துப் பார்க்க முடியும். பொய் மணி கேப்டனாகும் நேரத்தில் ஏ.டி.பி.எல் விண்ணப்பத்தோடு வெளியே வந்தால், போவது அந்த மணி மட்டும் இல்லை, லைசென்ஸே போகும்.

ஓசூர்_ரன்வே · கம்மனஹள்ளி

எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். டைப் ரேட்டிங் கடன் இப்போது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மா எழுதியதைப் படித்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, நமக்கும் அந்த பில் வந்ததுதானே என்றார்.

ஏ.எஃப்.ஐ.ஆர் பக்கம் சாய்கிறேன். சேரும் முன் பள்ளியிடம் என்னென்ன கேட்க வேண்டும்? படித்த இடம் என்பதால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இன்னொரு சந்தேகம், கேடட் தேர்வுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இதைச் செய்யலாமா?

வலது_சீட் · தொட்டபள்ளாப்பூர் ரோடு

தாராளமாக விண்ணப்பி. அதைப் பள்ளியிடம் மறைக்காதே, அவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

கூச்சப்படாமல் கேள். விமானம் எத்தனை என்று எல்லோரும் கேட்பார்கள். இன்றைக்கு எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது என்று நீ கேள். ஹேங்கரில் பாகத்துக்காகக் காத்திருக்கும் விமானம் யாருக்கும் மணி தராது. எரிபொருள் எது? ஆவ்கேஸ் (விமான பெட்ரோல்) என்றால் சப்ளை எப்படி இருக்கிறது என்று விசாரி. 2022-ல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்க ஆரம்பிக்கும்வரை எல்லாம் இறக்குமதிதான், அது தாமதமானால் பள்ளியே நின்றுவிடும். டயமண்ட் மாதிரி ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் எஞ்சின் என்றால் அந்தக் கவலை இல்லை.

சம்பளம் நிலையானதா, பறந்தால் மட்டுமா என்பதை எழுத்தில் வாங்கு. பறந்தால் மட்டும் என்றால் களம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2021-ல் ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் கர்நாடகத்தில் இரண்டு, பெலகாவியும் கலபுரகியும். பெலகாவி மலைத்தொடரை ஒட்டியது, ஜூனிலிருந்து மழை கொட்டும், மேகம் தாழ்ந்து நிற்கும். கலபுரகி மழை மறைவுப் பக்கம், வெயில் வாட்டும் ஆனால் பறக்கலாம். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பள்ளிகள் இருப்பதற்கும் அந்த வறண்ட வானம் ஒரு காரணம். பெங்களூருக்குள்ளேயே இருந்தால் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் மே மாத மாலையில் இடி மழை, டிசம்பர் ஜனவரி காலையில் பனி, யெலஹங்காவில் ஏரோ இந்தியா நடக்கும் வாரங்களில் வான்வெளிக் கட்டுப்பாடு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும்.

இரவுப் பறப்பும் மல்டி எஞ்சினும் கிராஸ் கண்ட்ரியும் உதவி இன்ஸ்ட்ரக்டர்களுக்குத் தருவார்களா, சீனியர்களே வைத்துக்கொள்வார்களா என்பது முக்கியம். முதலில் சொன்ன ஏ.டி.பி.எல் கட்டங்கள் நிறைவது இதில்தான்.

தாம்பரம்_ஏ2 · யெலஹங்கா நியூ டவுன்

ஒன்று சேர்த்துக்கொள். சி.எஃப்.ஐ வாரத்தில் எத்தனை நாள் களத்தில் இருக்கிறார், உதவி இன்ஸ்ட்ரக்டரோடு எப்போதாவது பறக்கிறாரா என்று அங்கே வேலை செய்யும் பையன்களிடம் டீக்கடையில் விசாரி. அலுவலகத்தில் கேட்டால் நல்ல பதில்தான் வரும்.

கேடட்டின்_அம்மா · ராமமூர்த்தி நகர்

தம்பி, சேரும்போது உங்களுக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். என் பெண்ணின் முதல் இன்ஸ்ட்ரக்டர் ஒரே நேரத்தில் நிறையப் பேரை வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. வாரத்துக்கு ஒரு தடவை அவள் முறை வந்தால் போன தடவை படித்தது எங்கே நினைவிருக்கும்?

நேற்று வலது சீட் தம்பி சொன்ன மாதிரி பள்ளிக்குப் போய் சி.எஃப்.ஐயைப் பார்த்தேன். திங்கட்கிழமை அவரே அவளோடு பறப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஓசூர்_ரன்வே · கம்மனஹள்ளி

அக்கா, நல்ல செய்தி. உங்கள் பெண்ணுக்கு வாழ்த்துகள்.

பள்ளியில் பேசிவிட்டேன். சம்பளத்தில் ஒரு பகுதி நிலையானது, மீதி பறக்கும் மணிக்கு. இரவுப் பறப்பு முதல் வருடம் கிடையாது என்று நேராகவே சொன்னார்கள். ஏர்லைன் அழைப்பு வந்தால் சோலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மாணவர்களை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதாக நானே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையே என்றார் சி.எஃப்.ஐ. கோர்ஸ் அடுத்த மாதம் ஆரம்பம்.

சீனியாரிட்டி_நம்பர் · சஹகாரநகர்

என் பேச்சைக் கேட்கவில்லை. பரவாயில்லை. கேடட் தேர்வு அறிவிப்பு வந்தால் இங்கே போடுகிறேன், அன்றைக்கே விண்ணப்பி, இன்னும் நான்கு சர்க்யூட் என்று உட்கார்ந்துவிடாதே.

வலது_சீட் · தொட்டபள்ளாப்பூர் ரோடு

கோர்ஸ் தொடங்கும் முன் கிளாஸ் 1 மெடிக்கல் எப்போது முடிகிறது என்று பார். ஓல்டு ஏர்போர்ட் ரோடு ஐ.ஏ.எம்மில் (விமானப்படையின் விமான மருத்துவ நிலையம்) தேதி கிடைக்கத் தாமதமாகலாம், இப்போதே பதிவு செய்துவை. அதுவரை தினமும் பள்ளிக்குப் போய் நிறுத்தி வைத்திருக்கும் 172-இல் வலது பக்கம் உட்கார்ந்து பேட்டரை வாய்விட்டுச் சொல்லிப் பழகு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஃபில்டர்காபி_172 · பசவனகுடி

தமிழிலா, இங்கிலீஷிலா?

வலது_சீட் · தொட்டபள்ளாப்பூர் ரோடு

தேர்வுக்கு இங்கிலீஷ். மாணவன் மூக்கைத் தரையில் குத்தப் போகும்போது எது முதலில் வாயில் வருகிறதோ அது.